மஞ்சளாகாத கண்கள்

2022 ஜூலை முதல் வாரத்தில் காரைக்கால் மாவட்டத்தில் பொது சுகாதார அவசரநிலையை அறிவித்தார்கள். வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் சிலருக்குக் காலரா என்று உறுதியானது. பள்ளி கல்லூரிகளுக்கு விடுமுறை விட்டார்கள்; கொதிக்க வைத்த தண்ணீரையே குடிக்கச் சொன்னார்கள். காலரா அப்படிப்பட்ட நோய். வந்த அன்றே ஆளைச் சாய்த்துவிடும், அதனாலேயே ஊரும் அரசும் அன்றே விழித்துக்கொள்ளும். இதற்கு நேர் எதிரான நோய் ஒன்று உண்டு. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் ஒருவருடைய கல்லீரலில் 30 ஆண்டு குடியிருந்தும் அவருக்கு ஒரு நாள் காய்ச்சல்கூட வராமல் இருக்கும். வயலுக்குப் போவார், கடலுக்குப் போவார், கல்யாணம் செய்துகொள்வார். கடைசியில் கால் வீங்கி, வயிற்றில் நீர் கோத்த பிறகுதான் ரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022ல் இந்தியாவில் இந்த வைரஸோடு நாட்பட வாழ்ந்தவர்கள் 2.98 கோடிப் பேர். உலகம் முழுவதும் 25.4 கோடி. அந்த ஒரே ஆண்டில் இது 11 லட்சம் உயிர்களைக் கொண்டுபோனது. இத்தனை பெரிய நோய் இத்தனை அமைதியாக எப்படி இருக்கிறது? அதற்கான பதில் வைரஸிடம் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி, நம் உடம்பின் செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் சேதிகளில் இருக்கிறது.

இந்தக் காவிரி டெல்டாவில் கல்லீரல் நோய் என்றதும் நினைவுக்கு வருவது கீழாநெல்லி. வயல் வரப்பிலும், கொல்லையில் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் ஈரத்திலும் தானாக முளைக்கிற செடி. மேலிருந்து பார்த்தால் சின்னச் சின்ன இலைகள் மட்டும் தெரியும். ஒரு கிளையைப் பறித்துத் திருப்பினால்தான், இலைகளுக்கு அடியில் நெடுக மிளகைவிடச் சிறிய பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்குவது தெரியும். பெயரே அதனால் வந்ததுதான். கண் மஞ்சளாகி, சிறுநீரும் மஞ்சளாகப் போனால் செடியை வேரோடு பிடுங்கி அலசி, அம்மியில் மைய அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். எண்ணெயும் உப்பும் தள்ளிய பத்தியம் இருப்பார்கள். இரண்டு மூன்று வாரத்தில் மஞ்சள் இறங்கிவிடும். பெரும்பாலானோருக்கு உண்மையிலேயே இறங்கிவிடும். இந்த அனுபவம் பொய்யில்லை. தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்து ஏற்பட்ட நம்பிக்கை அது. ஆனால் அந்த மஞ்சள் யாருக்கு வருகிறது, யாருக்கு வராமலே போகிறது என்று கேட்கத் தொடங்கினால் கதை வேறு பக்கம் திரும்புகிறது.

ஹெபடைட்டிஸ் பி வைரஸ் கல்லீரல் செல்லைத் தின்பதில்லை. பலரும் அப்படித்தான் நினைக்கிறோம்: வைரஸ் உள்ளே போகிறது, ஈரலை அரிக்கிறது, கண் மஞ்சளாகிறது. உண்மையில் இந்த வைரஸ் செல்லுக்குள் பெருகினாலும் செல் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். செல்லைச் சாகடிப்பது நம்முடைய டி செல்கள். வைரஸ் இருக்கும் செல்லை அடையாளம் கண்டு அவை தாக்கும்போதுதான் கல்லீரல் வீங்குகிறது, பித்தநிறமி ரத்தத்தில் தேங்குகிறது, கண் மஞ்சளாகிறது. ஆக, பெரியவர் ஒருவருக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றிக் கண் மஞ்சளானால், உடம்பு வைரஸைக் கண்டுகொண்டுவிட்டது என்று பொருள். அப்படித் தொற்றுகிற பெரியவர்களில் 100க்கு 95 பேருக்கு மேல் தானாகவே மீண்டுவிடுகிறார்கள். அசுத்தத் தண்ணீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ, ஈ வகைக் காமாலைகளும் பெரும்பாலும் தாமாகவே தீர்பவைதான். கீழாநெல்லிக்குக் கிடைத்த நற்பெயரில் பெரும்பங்கு இப்படித் தீர்கிற காமாலைகளிலிருந்து வந்தது. நாட்பட்ட தொற்று உள்ளவருக்கோ கண் மஞ்சளாவதே இல்லை, அல்லது எல்லாம் முற்றிய பிறகு ஆகிறது. ஏனென்றால் அவர் உடம்பில் அந்தத் தாக்குதல் முழு வேகத்தில் நடக்கவில்லை. தாக்கச் சொல்லும் சேதி போய்ச் சேரவில்லை.

சேதி என்று சொல்வது வெறும் உவமை இல்லை. 1957ல் லண்டனில் அலிக் ஐசக்ஸும் ஜான் லிண்டன்மானும் கோழிமுட்டைக் கருவின் சவ்வை வைத்து இன்ஃபுளூயன்சா வைரஸை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். செயலிழக்கச் செய்த வைரஸைத் தொட்ட சவ்விலிருந்து ஏதோ ஒரு பொருள் சுற்றியிருந்த திரவத்துக்கு வருகிறது. அந்தத் திரவத்தைப் புதிய சவ்வில் விட்டால், அதற்குப் பிறகு வைரஸ் அங்கே பெருக முடியவில்லை. அந்தப் பொருளுக்கு அவர்கள் வைத்த பெயர் இன்டர்ஃபெரான். இன்று அதன் போக்குவரத்து தெளிவாகத் தெரியும். செல்லுக்குள் அந்நிய மரபுப்பொருள் நுழைந்ததைக் கண்டுபிடிக்கச் சில உணரிப் புரதங்கள் இருக்கின்றன. அவை உசுப்பப்பட்டால் அந்தச் செல் இன்டர்ஃபெரானை வெளியே விடும். அது பக்கத்துச் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் போய் உட்காரும். ஏற்பியின் அடியில் இருக்கும் ஜேக் என்ற நொதிகள் விழித்து, ஸ்டாட் என்ற புரதங்களைத் தட்டிவிடும். அவை உட்கருவுக்குள் போய் நூற்றுக்கணக்கான ஜீன்களை ஒரே நேரத்தில் திறக்கும். வைரஸின் மரபுச்சேதியை வெட்டுவது, அதன் புரத உற்பத்தியை நிறுத்துவது, டி செல்களைக் கூப்பிடுவது எல்லாம் அந்த ஜீன்களின் வேலை. இத்தனைக்கும் தொடக்கம் ஒரே ஒரு செல் கொடுத்த குரல்.

ஹெபடைட்டிஸ் பி அந்தக் குரலே எழாதபடி வாழக் கற்ற வைரஸ். அதன் மரபுத்தொகுதியின் நீளம் சுமார் 3,200 எழுத்துகள்தான். மனிதரைத் தொற்றும் வைரஸ்களில் மிகச் சிறியவற்றுள் ஒன்று. 2004ல் வெளியான ஓர் ஆய்வில், தொற்றிய சிம்பன்சிகளின் கல்லீரலை வாரா வாரம் சோதித்தார்கள். வைரஸ் பெருகிப் பரவிய தொடக்க வாரங்களில் கல்லீரலில் ஒரு ஜீன்கூட அதற்கு எதிராகத் திறந்ததாகத் தெரியவில்லை. ஹெபடைட்டிஸ் சி தொற்றியபோதோ இன்டர்ஃபெரான் ஜீன்கள் உடனே திறந்துகொண்டன. பி வைரஸ் தன் மரபுப்பொருளை உட்கருவுக்குள் வட்டமாக முடிந்து வைத்துக்கொள்கிறது. அங்கே அது செல்லின் சொந்த மரபுப்பொருளோடு கலந்து நிற்பதால் உணரிகளின் கண்ணில் படுவதில்லை. அது போதாது என்று, உள்ளே சரக்கில்லாத வெற்றுக் கூடுகளையும் ரத்தத்தில் கொட்டுகிறது. ஒரு முழு வைரஸுக்கு ஆயிரம் முதல் ஒரு லட்சம் வெற்றுக் கூடுகள் வரை இருக்கும். நம் பரிசோதனைக்கூடங்களில் ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா என்று பார்க்கும்போது பெரும்பாலும் அகப்படுவது இந்தக் கூட்டின் புரதம்தான். உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் இந்தக் கூடுகளைப் பிடிப்பதிலேயே தீர்ந்துபோகின்றன.

இங்கே ஒருவர் நியாயமாகக் கேட்கலாம்: வைரஸ் இவ்வளவு கெட்டிக்காரத்தனமானது என்றால் எல்லாரையும்தானே நாட்பட்ட நோயாளியாக்க வேண்டும்? பெரியவர்களில் 95 பேர் எப்படித் தப்பிக்கிறார்கள்? நாட்பட்ட தொற்றைப் புரிந்துகொள்ள இதைவிடப் பெரிய துப்பு கிடையாது. அதே வைரஸ், அதே மரபுத்தொகுதி. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் 100 குழந்தைகளில் ஏறத்தாழ 90 பேரிடம் வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடுகிறது. வயது வந்தவருக்குத் தொற்றினால் 5 பேருக்கும் குறைவாகவே தங்குகிறது. மாறியது வைரஸ் இல்லை, அதை எதிர்கொண்ட உடம்பின் பருவம். சிசுவின் எதிர்ப்பாற்றல் பலவீனமானது என்று இதற்கு எளிதாகக் காரணம் சொல்லிவிடுகிறோம். அது சரியான விளக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை. தாயின் உடலுக்குள் 9 மாதம் வளர்ந்து, பிறந்த சில நாட்களில் கோடிக்கணக்கான நல்ல பாக்டீரியாக்களைக் குடலில் குடியேற விட்டு, தாய்ப்பாலின் புரதங்களை அந்நியமென்று எண்ணாமல் ஏற்றுக்கொள்ள வேண்டிய உடம்பு அது. பொறுத்துக்கொள்வதற்கென்றே அப்போது அதன் சமிக்ஞைகள் திருகி வைக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பருவத்தில் வந்து சேர்கிற வைரஸையும் அது வீட்டுச் சாமான்களில் ஒன்றாகவே எண்ணிக்கொள்கிறது. வலிமை குறைந்ததால் வந்த தோல்வி என்று இதைச் சொல்வதைவிட, சேதி வந்த காலம் தவறியதால் வந்த விளைவு என்று சொல்வது பொருத்தம்.

காலம் என்பதன் இன்னொரு முகம் நீடிப்பு. தொடக்கத்தில் சேதி போகாமல் இருப்பது ஒரு கேடு என்றால், போன சேதி நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பது அடுத்த கேடு. காவிரியின் கடைமடையில் பயிர் செய்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நட்ட நாற்றுக்குத் தண்ணீர் உயிர். அதே தண்ணீர் வடியாமல் நின்றால் வேர் அழுகும். மதகைத் திறக்கத் தெரிந்தவருக்கு மூடவும் தெரிய வேண்டும். எலிகளை நாட்பட்டுத் தொற்றும் எல்சிஎம்வி என்ற வைரஸை வைத்து 1990களிலிருந்தே நடந்த ஆய்வுகளில், ஓயாமல் தூண்டப்படும் டி செல்கள் சாகாமல், ஆனால் வேலையும் செய்யாமல் ஓய்ந்துபோவது தெரியவந்தது. ஹைதராபாதில் பிறந்து அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் ரஃபி அகமதின் குழு, அந்த ஓய்ந்த செல்களின் மேற்பரப்பில் பிடி-1 என்ற தடைப்புரதம் நிறைந்திருப்பதையும், அந்தத் தடையை மருந்தால் மறித்தால் செல்கள் மீண்டும் வேலை செய்வதையும் 2006ல் காட்டியது. பிடி-1ஐக் கண்டுபிடித்த ஜப்பானின் தசுகு ஹோன்ஜோவுக்கு 2018ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தத் தடையை நீக்கும் மருந்துகள் இன்று புற்றுநோய்க்குப் பயன்படுகின்றன. 2013ல் இதைவிட வியப்பான முடிவு வந்தது. இரண்டு தனித்தனிக் குழுக்கள், நாட்பட்ட தொற்றுள்ள எலிகளில் இன்டர்ஃபெரானின் ஏற்பியையே அடைத்துப் பார்த்தன. வைரஸுக்கு எதிரான முதல் சேதியையே மறித்தால் நிலைமை மோசமாகும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். முதலில் வைரஸ் கொஞ்சம் கூடவும் செய்தது. பிறகு, ஏற்பி அடைக்கப்படாத எலிகளைவிட விரைவாக ஒழிந்தது. வாரக்கணக்காக ஓடிய இன்டர்ஃபெரான் சேதிதான் பிடி-1ஐத் தட்டிவிடும் புரதத்தையும், எதிர்ப்பை அடக்கும் ஐஎல்-10 என்ற பொருளையும் பெருக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

எலியை வைத்து மனிதரைப் பற்றிப் பேசலாமா என்பது சரியான மறுப்பு. எலியில் பலித்து மனிதரில் பொய்த்த மருந்துகளின் பட்டியல் நீளமானது. ஆனால் இந்த விஷயத்தில் மனிதரின் கல்லீரலே சாட்சி சொல்கிறது. நேரடி மருந்துகள் வருவதற்கு முன் ஹெபடைட்டிஸ் சி நோயாளிகளுக்கு இன்டர்ஃபெரான் ஊசிதான் சிகிச்சை. சிலருக்குக் கேட்டது, பலருக்குக் கேட்கவில்லை. சுவிட்சர்லாந்தின் பாசெலில், ஊசி போடுவதற்கு முன்பும் போட்ட 4 மணி நேரத்திலும் நோயாளிகளின் கல்லீரல் திசுவைக் கொஞ்சம் எடுத்து ஒப்பிட்டு, 2008ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து கேட்டவர்களின் கல்லீரலில் இன்டர்ஃபெரான் ஜீன்கள் முன்பு அமைதியாக இருந்து, ஊசிக்குப் பிறகு எழும்பின. மருந்து கேட்காதவர்களின் கல்லீரலில் அந்த ஜீன்கள் ஊசிக்கு முன்பே உச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தன. ஊசி அதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கேட்ட குரலுக்கு அந்தச் செல்கள் காது கொடுப்பதை நிறுத்திவிட்டன. எதிர்ப்பு அதிகமாக இருந்தவர்கள் யார் என்று அந்த ஜீன்களை மட்டும் பார்த்துச் சொல்லியிருந்தால், நாம் தவறான ஆட்களைக் காட்டியிருப்போம்.

எச்ஐவியிலும் இதே பாடம்தான். 1986ல் சென்னையில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் ரத்த மாதிரிகளைச் சேகரித்து, வேலூர் சிஎம்சியில் சோதித்து, இந்தியாவில் எச்ஐவி இருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை எய்ட்ஸ் என்றால் எதிர்ப்பாற்றல் குறைந்துபோகும் நோய் என்றே பாடப்புத்தகம் முதல் சுவரொட்டி வரை சொல்லி வருகிறோம். முடிவு அதுதான், வழி வேறு. ஆப்பிரிக்காவின் சூட்டி மங்காபி என்ற குரங்கினத்தில் எச்ஐவியின் உறவான எஸ்ஐவி வைரஸ் ஏராளமாகப் பெருகுகிறது, ஆனாலும் அவற்றுக்கு எய்ட்ஸ் வருவதில்லை. நம் வடநாட்டு ரீசஸ் குரங்குக்கு அதே வைரஸ் தொற்றினால் எய்ட்ஸ் வந்து சாகிறது. இரண்டு இனங்களிலும் தொற்றிய முதல் நாட்களில் இன்டர்ஃபெரான் பலமாகவே எழுகிறது. மங்காபியில் சில வாரங்களில் அது அணைந்துவிடுகிறது. ரீசஸில் அணைவதே இல்லை. அந்த ஓயாத எரிச்சலில் டி செல்கள் தேய்ந்துபோகின்றன. 2014ல் ரீசஸ் குரங்குகளில் செய்த ஒரு சோதனை இந்த இரண்டு பக்கங்களையும் ஒரே இடத்தில் காட்டியது. தொற்றின் தொடக்கத்தில் இன்டர்ஃபெரான் ஏற்பியை அடைத்தார்கள்: வைரஸ் பெருகி, எய்ட்ஸ் விரைந்து வந்தது. வேறு குரங்குகளுக்குத் தொற்றுக்கு முன்பிருந்தே இன்டர்ஃபெரான் கொடுத்தார்கள்: முதலில் தொற்றே பிடிக்கவில்லை. ஆனால் அதே மருந்தை நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டே போனபோது செல்கள் மரத்துப்போயின, வைரஸுக்கு எதிரான ஜீன்கள் அடங்கின, தொற்று சுலபமாகப் பிடித்துக்கொண்டது. ஒரே பொருள்தான். முதல் வாரத்தில் காத்தது, பிறகு கைவிட்டது. இந்த ஒரு சோதனையைப் படித்த பிறகு, எதிர்ப்பாற்றலைக் கூட்டுவது குறைப்பது என்று தராசில் வைத்துப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

அப்படியானால் நாட்பட்ட ஹெபடைட்டிஸ் பிக்கு இன்றும் இன்டர்ஃபெரான் ஊசி போடுகிறார்களே, அது ஏன் என்று கேட்பார்கள். போடுகிறார்கள், சிலருக்குப் பலனும் உண்டு. பி வைரஸ் தொடக்கத்திலேயே சேதியை எழுப்பாமல் விட்ட வைரஸ் என்பதால், வெளியிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்கு அந்தச் சேதியைக் கொடுத்துப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஓராண்டு அளவில் நிறுத்திவிடுவார்கள். ஆனாலும் ரத்தத்திலிருந்து அந்தக் கூட்டின் மேலுறைப் புரதம் முற்றாக மறைவது மிகச் சிலரிடம்தான். சேதி போய்ச் சேர்ந்தாலும், அதைக் கேட்டு வரவேண்டிய டி செல்கள் பல ஆண்டுகளாக ஓய்ந்து கிடக்கின்றன. வந்தால் என்ன நடக்கும் என்பதையும் சிம்பன்சிகள் காட்டியிருக்கின்றன. 1999ல் வெளியான ஆய்வில், தொற்றிலிருந்து மீண்டுகொண்டிருந்த சிம்பன்சிகளின் கல்லீரலில், செல்கள் பெருமளவில் சாவதற்கு முன்பே வைரஸின் மரபுப்பொருளில் பெரும்பகுதி மறைந்துவிட்டது. டி செல்கள் விட்ட காமா இன்டர்ஃபெரான் போன்ற பொருள்களே வேலையை முடித்திருந்தன. வீட்டை இடிக்காமல் உள்ளே இருப்பவனை வெளியேற்ற முடியும் என்பதற்கு அது அத்தாட்சி.

மீண்டவர்களிடமும் கதை முடிவதில்லை. கண் மஞ்சளாகிக் குணமான பெரியவரின் கல்லீரலில், உட்கருவுக்குள் வட்டமாக முடிந்த அந்த மரபுப்பொருள் கொஞ்சம் மிஞ்சித்தான் இருக்கிறது. அவர் வாழ்நாள் முழுக்க நலமாக இருப்பது, டி செல்களும் எதிர்ப்பொருள்களும் அதை ஓயாமல் கண்காணித்து வருவதால்தான். ரத்தப் புற்றுநோய்க்கு ரிடுக்ஸிமாப் போன்ற மருந்து கொடுக்கும்போது அந்தக் காவல் தளர்ந்து, 30 ஆண்டுக்கு முன் ஆறிய தொற்று திரும்பி எழுந்து கல்லீரலை அழித்துவிடக்கூடும். அதனால்தான் அத்தகைய சிகிச்சைக்கு முன் ஹெபடைட்டிஸ் பி சோதனை கட்டாயம் என்கிறார்கள். இன்னொரு சம்பவம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. ஹெபடைட்டிஸ் சியை 3 மாத மாத்திரையில் ஒழிக்கும் மருந்துகள் வந்த பிறகு, பி, சி இரண்டும் இருந்த நோயாளிகள் சிலருக்கு, சி ஒழிந்த கையோடு பி பொங்கி எழுந்தது. 2016ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்காக எச்சரிக்கை விட்டது. சி வைரஸ் எழுப்பிய இன்டர்ஃபெரான் சேதியே அதுவரை பியையும் அடக்கி வைத்திருந்தது, சி போனதும் சேதி நின்றது என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஒரே ஈரலில் ஒரு வைரஸுக்குப் பயன்படாமல் ஓடிய சேதி, இன்னொரு வைரஸுக்குப் பூட்டாக இருந்திருக்கிறது.

இந்த வெளிச்சத்தில் கீழாநெல்லியிடம் திரும்ப வேண்டும். அதை ஒதுக்கித் தள்ளுவது நேர்மையாகாது, ஏனென்றால் அது உலகத்தின் முன் சோதிக்கப்பட்ட செடி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் உடனாய்வாளர்களும் 1988ல் லான்செட் இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976ல் நோபல் பெற்ற பரூக் புளும்பெர்கும் அதன் ஆசிரியர்களில் ஒருவர். நாட்பட்ட தொற்றுள்ளவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் மேலுறைப் புரதம் மறைந்தது; வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. இன்றைய மருந்துகளே எட்டாத எண் அது. 1990ல் தாய்லாந்திலும், 1994ல் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. மண், பருவம், பறித்த நேரம், உலர்த்திய முறை எல்லாம் செடியின் சத்தை மாற்றும், வேறு ஊர்ச் செடியை வைத்துத் தீர்ப்புச் சொல்லலாமா என்று சித்த மருத்துவத்தின் பக்கம் நிற்பவர்கள் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கான பதிலும் இதே மண்ணின் செடியை வைத்து, போதுமான ஆட்களோடு, மறைப்புச் சோதனையாகத்தான் வர முடியும். 2011ல் காக்ரேன் திறனாய்வு எல்லாச் சோதனைகளையும் அலசிவிட்டு, வெற்று மருந்தைவிட மேல் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. நம் ஊரில் தொடங்கிய அந்த ஆராய்ச்சியை நாமே முறையாக முடித்திருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

வருத்தத்துக்கு அப்பால் ஓர் ஆபத்தும் இருக்கிறது. கண் மஞ்சளானால் மருந்து, மஞ்சள் இறங்கினால் குணம் என்ற கணக்கு, கண் மஞ்சளாகாதவரைப் பார்வையிலிருந்தே தள்ளிவிடுகிறது. எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவதாகச் சொல்லி விற்கும் பொடிகளும் கஷாயங்களும் அவருக்கு இன்னொரு பொய்யான நிம்மதியைத் தருகின்றன. அவருக்கு வேண்டியது ரத்தப் பரிசோதனை. வைரஸ் இருந்தால் கல்லீரலின் நிலை, வைரஸின் அளவு பார்த்து, தேவைப்பட்டால் டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர் மாத்திரை தினம் ஒன்று. இவை வைரஸை வேரறுப்பதில்லை. ஆனால் புதிது புதிதாக நகலெடுப்பதை நிறுத்தி, ஈரல் சுருக்கத்தையும் புற்றுநோயையும் பெருமளவு தள்ளிவைக்கின்றன. 2018 ஜூலை 28ல், அதாவது புளும்பெர்கின் பிறந்த நாளான உலகக் கல்லீரல் அழற்சி தினத்தில், இதற்கான தேசியத் திட்டம் தொடங்கியது; அதன் கீழ் இந்தப் பரிசோதனையும் மாத்திரையும் அரசு வழியாக இலவசமாகக் கிடைக்க ஏற்பாடு இருக்கிறது.

ஆனாலும் இத்தனை ஆதாரமும் விரல் நீட்டுவது ஒரே நாளைத்தான்: குழந்தை பிறந்த நாளை. வைரஸ் வீட்டுச் சாமானாக ஏற்றுக்கொள்ளப்படுவதற்கு முன், அதன் மேலுறைப் புரதத்தை மட்டும் தடுப்பூசியாகக் காட்டி, இது அந்நியம் என்ற சேதியைக் கொடுத்துவிட்டால் எதிர்ப்பொருள்கள் முந்திக்கொள்ளும். அதற்குக் கெடு 24 மணி நேரம். தாய்க்கு வைரஸ் இருப்பது தெரிந்திருந்தால் 12 மணி நேரத்துக்குள் ஆயத்த எதிர்ப்பொருள் ஊசியும் சேர்த்துப் போடுவார்கள். தைவான் 1984லேயே பிறந்த குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசியைத் தொடங்கியது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அங்கே சிறுவர்களிடம் கல்லீரல் புற்றுநோய் பாதியளவுக்குக் குறைந்தது. நம்மிடம் 1997ல் ஹைதராபாதின் சாந்தா பயோடெக்னிக்ஸ் உள்நாட்டிலேயே மலிவாகத் தயாரித்த பிறகுதான் வழி திறந்தது. 2002ல் சோதனை முறையில் தொடங்கி, 2011ல் நாடு முழுவதற்கும் விரிந்தது. பெரியவர்கள் தப்பித்துக்கொள்வார்கள், சிசுவால் முடியாது என்ற அந்த 5க்கும் 90க்கும் உள்ள வித்தியாசம்தான் இந்த அவசரத்துக்குக் காரணம். ஆறாவது வாரத்தில் மற்ற ஊசிகளோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், கல்லீரலில் அதற்குள் நடந்து முடிந்திருக்கக்கூடியதை அவர் அறியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

காரைக்காலுக்கு இதில் தனியான ஒரு சிக்கல் உண்டு. கிழக்கே கடல், மற்ற எல்லாப் பக்கமும் தமிழ்நாடு; ஆட்சி மட்டும் புதுச்சேரியுடையது. 2011 கணக்கெடுப்பில் 2 லட்சம் பேர் கொண்ட இந்தச் சின்ன மாவட்டத்தில், ஒரு பெண் திருநள்ளாறிலோ நெடுங்காட்டிலோ கர்ப்பகாலப் பரிசோதனை செய்துகொள்வார். தலைப்பிரசவத்துக்கு மயிலாடுதுறைப் பக்கமோ நாகப்பட்டினப் பக்கமோ தாய்வீட்டுக்குப் போவார். நாகூரிலிருந்து காரைக்காலுக்கு வருகிறவர்களும் உண்டு. பரிசோதனை ஓர் அரசின் ஏட்டில், பிரசவம் இன்னோர் அரசின் ஆஸ்பத்திரியில். முதல் 24 மணி நேரத்தில் பணியிலிருக்கும் செவிலியருக்குத் தாயின் ரத்தப் பரிசோதனை முடிவு கையில் கிடைக்க வேண்டுமென்றால், அது தாய் சேய் நல அட்டையோடு எல்லை தாண்டி வந்தால்தான் உண்டு. வளைகாப்பு முடிந்து பெட்டி கட்டும்போது புடவைகளுக்கு நடுவே அந்த அட்டையையும் பரிசோதனைத் தாளையும் வைத்து அனுப்பினால் போதும். பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது அட்டையைத் திறந்து, பிசிஜிக்கும் போலியோ சொட்டு மருந்துக்கும் பக்கத்தில் உள்ள ஹெபடைட்டிஸ் பி முதல் தவணைக் கட்டத்தைப் பார்க்க வேண்டும். அதில் எழுதியிருக்கும் தேதி, குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் வருகிறதா என்று.